வேலி அடைக்க வந்த ஏரம்பர்

யாழ்ப்பாணம் போகிற மரக்கறி லொறி ஒன்று பரந்தன் சந்தியில் நின்று, கோவா மூட்டைகளுக்கும் கரட் மூட்டைகளுக்கும் நடுவிலிருந்து ஒரு குதிரைக்குட்டியை இறக்கிவிட்டுப் போனது. அன்று முதல் ராஜினியின் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"இதை வைச்சு என்ன செய்யப்போறியள்?"

ராஜினியின் கணவன் கிருபன் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தான். வயலுக்குப் போகிறவர்களிடம், "அடுத்த முறை நெல்லுச் சூடு மிதிக்க மெசின் கூப்பிடமாட்டம்" என்பான். கோயில் தலைவரிடம், "இந்த வருசம் வேட்டைத் திருவிழாவுக்கு மரக்குதிரையை இறக்கத் தேவையில்லை" என்பான். உண்மையில் என்ன செய்வதென்று அவனுக்கும் தெரியாது.

ராஜினிக்குத் தெரிந்திருந்தது. குட்டியை வளர்க்க வேண்டும், அவ்வளவுதான். அவளுடைய அண்ணன் பழனியாண்டி நுவரெலியாவில் வாவிக்கரையில், சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி நடத்துகிற வேலை செய்கிறார். இந்தக் குட்டி அங்கேதான் பிறந்தது. தாய் செத்துவிட்டது. சனக்கூட்டத்தையும் வாகனச் சத்தத்தையும் கண்டால் குட்டி மிரண்டு ஓடியது. யாராவது கொண்டுபோனால் போகட்டும் என்று முதலாளி கைவிட்டபோது பழனியாண்டி தங்கையை அழைத்தார்.

"ஒண்ணரை வயசுதான் ஆவுது தங்கச்சி. வெட்டவெளியில கொஞ்ச நாள் பயமில்லாம நிக்கட்டும். வேற ஒண்ணும் வேணாம்."

செம்மண் நிறத்தில் இருந்ததால் ராஜினி அதற்குச் செவ்வந்தி என்று பேர் வைத்தாள். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால்வரை போகிற கால் ஏக்கர் வளவில் செவ்வந்தி சுதந்திரமாக நின்றாள். ஒரு மாதத்தில் ராஜினியின் கையிலிருந்து புல் வாங்கித் தின்னப் பழகினாள். தொட்டால் மட்டும் விலகிக்கொள்வாள். ராஜினியும் தொட அவசரப்படவில்லை.

அடுத்த வளவில் ஏரம்பர் இருந்தார். குளத்துத் தண்ணீரை நம்பி அரசாங்கம் காணி கொடுத்த காலத்தில் அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அறுபத்து மூன்று வயது. நாற்பது நாம்பன் மாடுகளுக்கு மேல் பழக்கியவர். 'ஏரம்பர் பழக்கின மாடு' என்றால் ஐந்து வயதுப் பிள்ளையும் கயிற்றைப் பிடித்துக் கூட்டிப்போகலாம் என்பது ஊரில் எல்லாரும் அறிந்தது. அவர் அடிக்கமாட்டார், குறி சுடமாட்டார். இளம் நாம்பனை மரத்தோடு கிட்டக் கட்டிவிடுவார். அது இழுக்கும், விழும், எழும்பும், பிறகு களைத்துப்போய் நிற்கும். அப்போது போய்த் தவிட்டுத் தண்ணீரும் பிண்ணாக்கும் வைத்து, முதுகைத் தடவிக் கயிற்றைத் தளர்த்துவார். அதற்குப் பிறகு அந்த மாடு அவருடைய பிள்ளை மாதிரி.

நெடுங்கேணியில் கிருபனின் அக்கா மகளுக்குக் கலியாணம் வந்தது. சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு. செவ்வந்திக்குத் தண்ணீரும் புல்லும் வைக்கும்படி ஏரம்பரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஏரம்பர் தண்ணீர் வைத்தார். புல்லும் வைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அயலவர்களுக்கு ஓர் உதவி செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு மாதமாகியும் கழுத்தில் கயிறு ஏறாமல் ஒரு மிருகம் நிற்கிறதே, இந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கத் தெரியவில்லை, வரும்போது பழக்கிக் கையில் கொடுத்தால் எவ்வளவு சந்தோசப்படுவார்கள் என்று நினைத்தார். வாளியில் தலைவைத்து நின்ற குட்டியின் கழுத்தில் கயிற்றைப் போட்டு, பாலை மரத்தோடு கிட்டக் கட்டினார்.

மாடு களைத்தால் நின்றுவிடும். குதிரை அப்படியல்ல, பயம் தீருமட்டும் இழுக்கும். செவ்வந்தி இழுத்த இழுப்பில் கயிறு தோலைத் தின்று சதைக்குப் போய்விட்டது. ஏரம்பர் கத்தியோடு ஓடிப்போய்க் கயிற்றை அறுத்தார். அறுந்த வேகத்தில் குட்டி இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த வேலியைப் பிய்த்துக்கொண்டு அவருடைய வளவுக்குள் ஓடி, பிறகு தன் வளவுக்கே திரும்பி வந்தது.

ஞாயிறு மத்தியானம் பலகாரப் பெட்டியோடு வந்திறங்கிய ராஜினி கண்டது பிய்ந்த வேலியைத்தான். பிறகு, வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்ற செவ்வந்தியின் கழுத்தில் ஒரு கை அகலத்துக்குச் சிவந்து கிடந்த புண்ணை. ஏரம்பர் தன் வளவிலேயே நின்றார். கையில் அறுந்த கயிறு இருந்தது.

"நான்தான் பிள்ளை கட்டினனான்," என்றார். "நாம்பன் மாதிரித்தான் எண்டு நினைச்சிட்டன்."

ராஜினி சத்தம் போடவில்லை. "தண்ணி வைக்கத்தானே அண்ணே சொன்னோம்," என்றாள்.

அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. ஏரம்பர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனார்.

திங்கட்கிழமை காலையில் மிருக வைத்தியர் சுதாஜினி ஸ்கூட்டரில் வந்தார். செவ்வந்தி அவரை இருபது முழத்துக்குக் கிட்ட வரவிடவில்லை. சுற்றிச் சுற்றி ஓடியதில் புண்ணிலிருந்து மறுபடி இரத்தம் கசிந்தது.

"எனக்கு மாடும் ஆடும்தான் பழக்கம். இவ என்னைக் கண்டிட்டு யாழ்ப்பாணத்துக்கே ஓடுவா போல கிடக்கு," என்று வைத்தியர் மூச்சு வாங்கினார். பிறகு முகம் மாறியது. "ராஜினி, ஒளிக்காமல் சொல்லுறன். குதிரைக்கு ஏற்பு, அதுதான் டெட்டனஸ், கெதியிலை வரும். வந்தால் காப்பாத்த ஏலாது. ஊசி போடவேணும், புண்ணையும் கழுவவேணும். ஈ இருந்தால் புழு வைச்சிடும்."

"எப்படிங்க கிட்ட போறது?"

"நாலு பேர் பிடிச்சு விழுத்திக் கட்டலாம். ஆனா இந்தப் பயத்திலை விழுத்தினால் கால் முறியும். வியாழக்கிழமை காலமை வாறன். அதுக்குள்ளை கிட்டப்போகப் பாருங்கோ. அதுக்கு மேலை பொறுக்க ஏலாது, கட்டித்தான் செய்யவேணும்."

வியாழனுக்கு மூன்று நாள் இருந்தது.

ராஜினி தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். வாளியில் தவிடு குழைத்து எடுத்துக்கொண்டு, "வா, வா" என்று செவ்வந்தியை நோக்கி நேரே நடந்தாள். மாடு என்றால் வாளியைக் கண்டு ஓடிவரும். ஆனால் வாளியில் தலைவைத்திருந்தபோதுதான் செவ்வந்தியின் கழுத்தில் கயிறு விழுந்தது. வாளியைக் கண்டதும் அவள் வேலிக் கரைக்கு ஓடினாள். ராஜினி பின்னால் போனாள். குட்டி இன்னும் தூரம் ஓடியது. பொழுது சாய்கிறபோது இரண்டு பேருக்கும் வியர்த்திருந்தது.

அண்ணனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். வாவிக்கரைக் குளிரில் கம்பளித் தொப்பியோடு பழனியாண்டி திரையில் வந்தார்.

"நேரா நடந்து போனியா? கண்ணைப் பார்த்துக்கிட்டே?"

"ஆமா."

"புலி அப்படித்தான் வரும். இனி அவளைப் பார்க்காத. சும்மா போய் நில்லு. அவ காதைத் திருப்பி உன்னைக் கவனிச்சான்னா, நீ ஒரு அடி பின்னால போ. அவ ஓடுறதுக்கு முன்னால நீ விலகிடணும். விலகிப்போற ஆளுகிட்டதான் அவளுக்குப் பயம் விடும்."

"விலகிப்போனா எப்பண்ணே கிட்ட வர்றது?"

"நீ எங்க வர்ற? அவதான் வரணும்." திரையை உற்றுப் பார்த்து, "நீ யார் மேலயோ கோவமா இருக்க. தோளைப் பார்த்தாலே தெரியுது. எனக்கே தெரியுதுன்னா அவளுக்குத் தெரியாதா?" என்றார்.

ராஜினி தோளைத் தளர்த்திப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை விடியப்புறம் வாய்க்கால் கரைப் பிள்ளையாருக்கு இரண்டு செம்பரத்தம்பூ வைத்துக் கும்பிட்டாள். குட்டியைச் சுகப்படுத்து என்று கேட்கத்தான் போனாள். ஆனால் வாயில் வந்தது வேறு. 'என் மனசுல கெடக்குற இந்தக் கல்லைக் கொஞ்சம் எடுத்துடு சாமி' என்றாள். நல்ல மனதோடு கேட்கிறவர்களுக்குக் கடவுள் பெரிய அற்புதங்களைக் காட்டுவதில்லை; அடுத்ததாகச் செய்ய வேண்டிய சின்ன வேலையைத்தான் காட்டுகிறார்.

திரும்பி வரும்போது ஏரம்பரின் மனைவி இரஞ்சிதம் கிணற்றடியில் நின்றாள்.

"ராஜினி, உனக்குக் கோவம் இருக்கும். நான் அவருக்காகக் கதைக்க வரேல்லை," என்றாள். "ஆனா அந்தாள் ரெண்டு நாளாய்ச் சோறு தொடேல்லை. நேற்று மாட்டுக் கயிறெல்லாத்தையும் கழட்டிக் கட்டிலுக்குக் கீழை போட்டிட்டுது. கேட்டால் வாய் திறக்குதில்லை."

ராஜினி பூக்கூடையை அப்படியே வைத்துவிட்டு ஏரம்பரின் வீட்டுக்குப் போனாள். அவர் கதிரையில் சுவரைப் பார்த்தபடி இருந்தார். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தாள். அதைச் சொன்னால் அவர் இன்னும் கூனிப்போவார் என்று பட்டது. மன்னிப்புக் கொடுக்கிறவர் கை மேலே இருக்கும்; உதவி கேட்கிறவர் கை கீழே இருக்கும். அவள் கீழே இருக்கிற கையைத் தேர்ந்துகொண்டாள்.

"ஏரம்பண்ணே, நடு வேலி பிஞ்சு கெடக்கு. செவ்வந்தி உங்க மிளகாத் தோட்டத்துல பூந்துட்டா இரஞ்சிதக்காகிட்ட நான்தானே பேச்சு வாங்கணும்? வந்து அடைச்சுத் தாங்க."

ஏரம்பர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஏன், கிருபனுக்குக் கையில்லையோ?"

"அவரு கட்டின வேலியைக் கோழியே தள்ளிட்டுப் போயிடும்."

"கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்," என்று வேலிக்கு அப்பாலிருந்து கிருபனின் குரல் வந்தது.

ஏரம்பரின் வாயோரம் அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழும்பிக் கத்தியை எடுத்தார்.

அவர் வேலிக்கு நடுகிற கிளுவைக் கதியால்களை வெட்டிக்கொண்டு வந்து, பிய்ந்த இடத்தில் ஒரு மரக்குற்றியைப் போட்டு அதன்மேல் குந்தினார். செவ்வந்தியின் வளவுக்குள் இருந்தபடி வேலை செய்தாலும், குட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. முதுகை முழுதாகக் காட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒவ்வொரு கதியாலாக அடிநுனியைச் சீவினார். அவருக்கு அந்தப் புண்ணைப் பார்க்கத் தைரியம் இல்லை.

ராஜினி வளவின் மறுபக்கத்தில் நின்று அண்ணன் சொன்னபடி செய்தாள். செவ்வந்தி காதைத் திருப்பினால் ஓரடி விலகினாள். மறுபடி நின்றாள். வெயில் ஏறியது. மெதுவாக ஒன்றைக் கவனித்தாள். குட்டியின் ஒரு காது அவளிடம் இருந்தது. மற்றக் காது, கதியால் சீவுகிற சத்தத்திடம் இருந்தது.

மத்தியானத்துக்கு முன் செவ்வந்தி ஏரம்பரின் பக்கமாக நாலு அடி வைத்தாள். நின்றாள். ஊதினாள். இன்னும் இரண்டு அடி.

ஏரம்பருக்குச் சத்தம் கேட்டது. கத்தி நின்றது.

"திரும்பாதீங்கண்ணே," என்று ராஜினி மெல்லச் சொன்னாள். "சீவிக்கிட்டே இருங்க."

"என்னைக் கடிக்கப்போகுதோ?"

"கடிச்சா என்ன?"

"அதுவும் சரிதான்," என்றுவிட்டு அவர் சீவினார். அன்று செவ்வந்தி பத்து முழத்துக்கு வந்து, அங்கேயே ஒரு பின்காலைத் தளர்த்தி நின்று கண் அயர்ந்தாள்.

ராஜினி படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது.

"அந்தப் பெரியவர் எங்க குதிரை வேலை பார்த்தாரு?"

"எங்கயும் இல்லண்ணே. அவருதான் கட்டுனவரு. வெக்கத்துல குந்தியிருக்காரு."

பழனியாண்டி கனநேரம் சிரித்தார். "இங்க வர்ற பொடியனுங்களுக்கு அப்படிக் குந்தப் பழக்கவே மூணு மாசம் ஆவுது. அவரை எழும்ப விடாத."

புதன்கிழமை ஏரம்பர் ஒருவரும் கூப்பிடாமலே வந்தார். வெட்டிய கதியால் எல்லாம் முடிந்திருந்தது. அதனால் சீவினதையே மறுபடி சீவினார். கிருபன் அதைக் கண்டு, "அண்ணை, பென்சில் செய்யிறியளோ?" என்று கேட்டான். "வாயை மூடு," என்றார் ஏரம்பர் முணுமுணுப்பாக. மூன்று நாளைக்குப் பிறகு அவர் சொன்ன முதல் ஏச்சு அது. வேலிக்கு அப்பால் இரஞ்சிதம் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகக் குசினிக்குள் உலை வைக்கப் போனாள்.

பத்து மணியளவில் அவருடைய பிடரியில் சூடான மூச்சு பட்டது. பிறகு மெத்தென்ற ஒரு வாய், தோளில் கிடந்த துவாயை மணந்து, இழுத்துப் பார்த்து, விட்டது. ஏரம்பர் கல்லாக இருந்தார். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து கதியாலில் விழுந்தது. துடைக்கக் கை எடுத்தால் குட்டி மிரளுமென்று துடைக்கவில்லை.

அப்போது ராஜினி வளைந்து நடந்து, செவ்வந்தியின் தோளுக்குப் பக்கமாக வந்தாள். பார்வையை நிலத்தில் வைத்திருந்தாள். தோளில் விரல்களை வைத்தாள், குட்டி அசையுமுன் எடுத்தாள். மறுபடி வைத்தாள், எடுத்தாள். நாலாம் முறை செவ்வந்தி விலகவில்லை. தலையைத் தாழ்த்தி, வாயை மென்று, நாக்கால் உதட்டை நக்கினாள். அவள் மனம் இளகியதற்கு அதுதான் அடையாளம் என்று பழனியாண்டி சொல்லியிருந்தார். ராஜினி உடனே மூன்று அடி பின்னால் போனாள். இப்போது போவதுதான் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை வைத்தியர் சுதாஜினி வந்தபோது வாசல் படலையடியில் நாலு பேரும் கயிறும் நிற்கும் என்று எதிர்பார்த்தார். கிருபன் மட்டும் நின்றான்.

"ஸ்கூட்டரை ரோட்டிலை விட்டிட்டுச் சத்தமில்லாமல் வாங்கோ டொக்டர். உள்ளை பூசை நடக்குது."

ஏரம்பர் மரக்குற்றியில் இருந்தார். செவ்வந்தி அவருக்குப் பின்னால், துவாயில் மூக்கை வைத்தபடி நின்றாள். கழுத்தில் கயிறில்லை. ராஜினியின் கை அவள் தோளில் இருந்தது.

"நான் பிடிக்கட்டோ டொக்டர்?" என்று ஏரம்பர் முன்னால் பார்த்தபடியே கேட்டார். "பிடிச்சால் திரும்பவும் கட்டிறன் எண்டு நினைக்குமோ தெரியேல்லை."

"பிடிக்க வேணாம். சீவுங்க," என்றாள் ராஜினி.

"ஊசிதான் முதல்," என்றார் வைத்தியர். ராஜினி காட்டிய வழியில் வளைந்து வந்து, தோளைத் தடவி, விட்டு, தடவி, ஊசியைப் போட்டார். மருந்து இறங்கியது. அடுத்த கணம் செவ்வந்தி துள்ளி எகிறி, மண் பறக்க ஓடி, வேப்பமரத்தடியில் போய் நின்றாள். அன்றைக்கு நின்ற அதே இடம்.

ஏரம்பர் பாதி எழும்பிவிட்டார். "போச்சு. எல்லாம் போச்சு."

"குந்துங்கண்ணே."

"புண் கழுவேல்லையே பிள்ளை. இனி வருமோ?"

ராஜினிக்கும் தெரியாது. குட்டி வராவிட்டால், நாலு பேரைக் கூப்பிடத்தான் வேண்டும். வைத்தியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு மண்ணிலேயே குந்தினார். ராஜினியும் குந்தினாள். ஒருவரும் வேப்பமரத்தைப் பார்க்கவில்லை. கத்தி கதியாலைச் சீவுகிற சத்தம் மட்டும் கேட்டது. சீவல் ஒவ்வொன்றாகச் சுருண்டு ஏரம்பரின் காலடியில் விழுந்தது.

எவ்வளவு நேரம் என்று ஒருவரும் எண்ணவில்லை. வாய்க்காலில் கொக்கு ஒன்று வந்திருந்து எழும்பிப் போனது. பிறகு புல்லில் காலடி கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. துவாய் இழுபட்டது.

"வந்திட்டுதோ?" என்று ஏரம்பர் உதடு அசையாமல் கேட்டார்.

"வந்துட்டா," என்றாள் ராஜினி.

ராஜினி வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் புண்ணைக் கழுவினாள். துணி பட்டதும் செவ்வந்தியின் தோல் நடுங்கும். ராஜினி கையை எடுப்பாள். நடுக்கம் நின்றதும் வைப்பாள். புண்ணின் கீழ் மடிப்பில் ஈ முட்டைகள் வெள்ளையாக ஒட்டியிருந்தன. வைத்தியர் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இன்னும் ஒரு நாள் போயிருந்தால் புழுதான். வடிவாத் துடையுங்கோ. இந்த மருந்தைப் பூசுங்கோ, காலமையும் பின்னேரமும். தப்பிவிடுவா."

ஏரம்பர் அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். குட்டியின் முகம் அவருடைய முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பார்த்துவிட்டு, பழனியாண்டி ராஜினிக்குச் சொன்னதை அவரும் அறிந்தவர்போல, உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

இரண்டு வாரத்துக்குள் புண் காய்ந்து ஓரம் மூடத் தொடங்கியது. அரை நாளில் முடிக்கக்கூடிய அந்த வேலி, இரண்டு கிழமையாகியும் முடியவில்லை. ஏரம்பர் காலையும் பின்னேரமும் மருந்து பூசுகிற நேரத்துக்குச் சரியாக வந்து குற்றியில் இருந்தார். கடைசியில் கதியால் எல்லாவற்றையும் நட்டு, நடுவில் ஓர் ஆள் போகிற அளவுக்கு இடம் விட்டு, அதற்கு ஒரு சின்னப் படலை செய்து போட்டார். ஏன் என்று ராஜினி கேட்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் இரஞ்சிதம் அந்தப் படலையால் வந்தாள். கையில் ஒரு கிண்ணம் எள்ளுருண்டை இருந்தது. முகத்தில் சிரிப்பு அடங்காமல் இருந்தது.

"எங்கடை புது நாம்பனைக் கட்டிப் பழக்கச் சொல்லி நாலு நாளாய்ச் சொல்லுறன். வந்து பார் அந்தாள் செய்யிற வேலையை."

ராஜினி எட்டிப் பார்த்தாள். தொழுவத்துக்கு முன்னால் ஏரம்பர் மாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தார். கட்டப்படாத நாம்பன் அவருடைய துவாயின் பாதியைச் சப்பி முடித்திருந்தது.

"அண்ணே, அது மாடு," என்றாள் ராஜினி.

"தெரியும் பிள்ளை," என்றார் ஏரம்பர், திரும்பாமலே. "அதுக்கும் என்னைத் தெரியட்டும்."